'அரசப் பிரதிநிதி' என்னும் சொல்லாட்சி: கொங்குச் சோழரை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

கோவையில் எம்மிடம் பயிலும் முதுகலை மாணவர் ஒருவர் கொங்குநாட்டு வரலாறு பற்றிக் கட்டுரை ஒன்று எழுதிக் கொணர்ந்தார். நல்ல உழைப்பு அதில் இருந்தது. ஆயினும் அதன் முதற் பக்கத்திலேயே இராணி மங்கம்மாளும், மவுண்ட்பேட்டன் பிரபுவும், பேரூர்க் கல்வெட்டுகளிற் காணப்பெறும் கொங்குச் சோழன் வீரராசேந்திரனும் 'அரசப் பிரதிநிதி' என்னும் ஒரே பெயராற் சுட்டப்பெற்றிருந்தனர். பேரனுக்காக மதுரையை ஆண்ட பாட்டியார் ஒருவர். கடலுக்கு அப்பாலிருந்த வேந்தருக்காக இந்தியாவை ஆண்ட ஆங்கிலர் ஒருவர். எவருக்காக ஆண்டான் என்பதே வழக்காக உள்ள கொங்கு வேந்தன் ஒருவன். மூவரையும் ஒரு சொல்லுள் அடக்கியது யாது கருதி என வினவினோம். அவர் தயக்கமின்றித் தாம் பயன்படுத்திய நூல்களை எடுத்துக் காட்டினார். பிழை மாணவருடையது அன்று. வைசிராய் என்றும் ரீஜெண்ட் என்றும் ஆங்கிலத்தில் வேறுபட வழங்கும் இரு சொற்களைத் தமிழில் ஒன்றாக்கி, அவ்வொன்றை ஆராய்ச்சி நூல்களில் உலவவிட்ட நம்மனோர் பிழையே அது.

மொழிபெயர்ப்பில் நேரும் சிறு வழு இது, இதனை இத்துணை விரிக்க வேண்டுமோ எனச் சிலர் கருதலாம். யாமும் முதலில் அவ்வாறே கருதினோம். பின்னர் நோக்குங்கால், இச்சொல் வெறும் பெயராக நில்லாது வழக்கொன்றில் தீர்ப்புக் கூறும் சொல்லாகவே நிற்றலைக் கண்டோம். ஒருவனைப் பிரதிநிதி என்று எழுதிய அளவில், அவனுக்கு மேல் ஒருவன் உளன் என்பதும், அவன் ஆண்ட நாடு அவனுடையதன்று என்பதும் ஆராயாமலே முடிந்துவிடுகின்றன. கொங்குநாட்டு வரலாற்றில் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக் காலம் இவ்வொரு சொல்லால் தஞ்சை வரலாற்றின் அடிக்குறிப்பாகச் சுருங்கியுள்ளது.

இனிச் சொற்களை நோக்குவாம். வைசிராய் என்பது பிரெஞ்சு மொழியினின்று ஆங்கிலம் பெற்ற சொல். 'வைசு' என்னும் முற்பகுதி இலத்தீனில் 'இடத்தில், பதிலாக' எனப் பொருள்படும். 'ராய்' என்னும் பிற்பகுதி அரசன் என்பது. இலத்தீனின் 'ரெக்ஸ்' என்பதும் வடமொழியின் 'ராஜன்' என்பதும் ஒரு வேரில் தோன்றியவை என்பர் மொழிநூலார். எனவே வைசிராயின் ராயும் கிருட்டிணதேவராயரின் ராயரும் மிகத் தொலைவில் உறவினர் ஆவர். ரீஜெண்ட் என்பதோ 'ஆளுதல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்று பிறந்த எச்சப் பெயர். 'ஆள்பவர்' என்பதே அதன் நேர்ப்பொருள். இதுவும் மேற்கூறிய அதே வேரினது. ஆயினும் ஒரு வேறுபாட்டை ஊன்றி நோக்குதல் வேண்டும். வைசிராயில் 'பதில்' என்னும் பொருளுடைய உறுப்பு வெளிப்பட நிற்கின்றது; ரீஜெண்டில் அத்தகைய உறுப்பே இல்லை. ஆள்கின்றார் என்பதைத்தான் அச்சொல் கூறுகின்றது. எவருக்காக என்பதை அது கூறாது, நாம் வரலாற்றினின்று உணர்ந்துகொள்ள வைக்கின்றது.

ஆங்கிலரே இவ்வகைச் சொற்களில் தடுமாறியதுண்டு. 'வைஸ்ஜெரண்ட்' என்று ஒரு சொல் அவர்களிடை வழங்குகின்றது. மற்றொருவரின் பணியை மேற்கொண்டு நடத்துபவர் என்பது அதன் பொருள். எட்டாம் ஹென்றி 1535இல் தாமஸ் கிராம்வெல்லுக்குத் திருச்சபைக் காரியங்களில் அப்பதவியை அளித்தார். திருக்குர்ஆனில் மனிதனைக் குறிக்க வரும் 'கலீபா' என்பதற்கும் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் சிலர் அதனையே ஆண்டனர். கற்றோரும் இதனை ரீஜெண்டோடு மயங்கி, எழுத்தை இடம் மாற்றி எழுதிவிடுவதுண்டு. பிறந்த மொழியிலேயே மயக்கம் உண்டெனின் பெயர்த்த மொழியில் நேர்வது வியப்பன்று. ஆயினும் அது காரணமாக நாம் அமைதி கொள்ளல் ஆகாது.

இருவகை ஆட்சியையும் பிரித்தறிதற்கு யாம் கொள்ளும் வரையறை எளியது. அரியணை இருக்குமிடத்தில் ஆளும் நிலையில் அரசன் இல்லையாயின், அவ்வரியணையின் அருகிருந்து ஆள்பவர் ரீஜெண்ட். அரசன் ஆளும் நிலையிலேயே உளன், நாடுதான் தொலைவில் உள்ளது எனின், ஆங்குச் சென்று ஆள்பவர் வைசிராய். முன்னதில் குறை அரசன்பால் உள்ளது. அஃது இளமையாகலாம், நோயாகலாம், அவன் நாட்டில் இல்லாமையாகலாம். பின்னதில் குறை எவர்பாலும் இல்லை, தொலைவு ஒன்றே உள்ளது. இங்கிலாந்தில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மனநலம் குன்றியபோது 1811 முதல் 1820 வரை அவர்தம் மைந்தர் ரீஜெண்டாக இருந்தார். அக்காலத்து அவரை வைசிராய் என அழைப்பார் ஒருவரும் இலர்.

தமிழ்நாட்டிற் சான்று வேண்டுவோர்க்குப் புதுக்கோட்டை ஒன்றே போதும். மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1886இல் சிறுவராகப் பட்டம் பெற்றார். அவருக்கு ஆளும் அகவை வரும்வரை, 1894 அளவும், சேஷையா சாஸ்திரியார் திவான்-ரீஜெண்ட் என்னும் பெயரோடு ஆட்சியை நடத்தினார். அம்மன்னரே 1915இல் ஆஸ்திரேலிய நாட்டுப் பெண்மணி மோலி ஃபிங்கை மணந்தார். அத்திருமணத்தை ஆங்கில அரசு ஏற்க மறுத்தமையால் நாட்டைவிட்டு நீங்கி வாழலானார். பின்னர் 1922 முதல் அவர்தம் தமையனார் விசய ரகுநாத துரைராசா ரீஜெண்ட் ஆனார். ஒரே மன்னருக்கு இளமையில் ஒரு ரீஜெண்டும் முதுமையை அணுகுங்கால் மற்றொரு ரீஜெண்டும் வாய்த்தமை வியப்புக்குரியது. முன்னையதற்குக் காரணம் அகவை, பின்னையதற்குக் காரணம் அகற்சி. இரண்டிடத்தும் ஆண்டவர் புதுக்கோட்டையிலேயே இருந்து ஆண்டனர் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

இலக்கியம் பயில்வோர்க்கு இவ்வரையறை பயன்படும் இடம் ஒன்றுண்டு. கம்பனது காப்பியத்துப் பரதனை வைசிராய் என்பதா, ரீஜெண்ட் என்பதா என ஆங்கில நூற்பயிற்சியுடைய மாணவர் வினவுவதுண்டு. இராமன் சிறுவன் அல்லன், நோயுற்றான் அல்லன், நாட்டில் இல்லாமையே குறை. ஆதலின் பரதனை ரீஜெண்ட் வகையிற் சேர்த்தல் ஒருவாறு பொருந்தும். எனினும் அவன் அரியணையின் அருகிலும் இருந்தான் அல்லன். அயோத்தியை விட்டு நந்தியம்பதியில் தங்கித் தமையனின் திருவடிநிலைகளை அரசிருக்கையில் ஏற்றினான். ஆட்சிச் செயல் தன்னுடையதாகவும் ஆட்சியுரிமை அத்திருவடிநிலைகளுடையதாகவும் அவன் இரு கூறாகப் பிரித்தான். பிறர் கொடுத்த பதவியை ஏற்றவன் அல்லன் அவன். தனக்கு வந்த அரசைத் தான் பெறாதவாறு பதவியொன்றைப் படைத்துக்கொண்டவன். ஐரோப்பியச் சொல் இரண்டும் அவனுக்குக் குறுகிய ஆடைகளே. பரதனைப் 'பிரதிநிதி' என்று எழுதும் உரைநடை நூல்கள் இந்நுட்பத்தை இழந்துவிடுகின்றன.

அஃதெவ்வாறாயினும், 'பிரதிநிதி' என்பது என்ன பொருட்டு? ஒன்றற்கு ஒப்பாக வைக்கப்படுவது, அதன் இடத்தில் நிற்பது என்பதே வடமொழியில் அதன் பொருள். இஃது ஆட்சிப் பதவியொன்றன் பெயராக எழுந்த வரலாறு தமிழ்நாட்டோடு தொடர்புடையது. சிவாஜியின் மைந்தர் இராசாராமர் முகலாயருக்குத் தப்பி 1689இல் செஞ்சிக்கோட்டையை அடைந்து ஆங்கிருந்து மராத்திய அரசை நடத்துங்கால், பிரகலாத நிராஜி என்பாருக்குப் 'பிரதிநிதி' என்னும் புதுப் பதவியைத் தோற்றுவித்தார். செஞ்சியிற் பிறந்த அப்பதவி பின்னர் மராத்திய நாட்டில் நிலைத்தது. இன்று நாம் இச்சொல்லைக் கேட்டவுடன் நினைப்பதோ மக்கட் பிரதிநிதியை. கீழுள்ளோர் தேர்ந்து மேலே அனுப்புபவர் அவர். வைசிராய் மேலுள்ளோர் தேர்ந்து கீழே அனுப்பியவர். எதிரெதிர்த் திசையிற் செல்லும் இருவர்க்கும் ஒரு பெயர் தாங்குமளவு அச்சொல் அகன்றுவிட்டது. அகன்ற சொல் மேடைக்கு உதவும், ஆராய்ச்சிக்கு உதவாது.

ரீஜெண்டுக்குத் தமிழாக்கம் தேடியோர் பிற சொற்களையும் முயன்றுள்ளனர். பாடநூல் நடையில் 'பகர ஆளுநர்' என்பது இடம்பெற்றுள்ளது. பகரம் என்பது பதில் என்னும் பொருளுடையது. 'அதற்குப் பகரமாக' என்னும் வழக்கு இசுலாமியத் தமிழ் உரைநடையில் இன்றும் உயிரோடுள்ளது. சொல் நல்லதே. ஆயினும் அதனோடு 'ஆளுநர்' சேர்ந்தமையால் பொருள் கெட்டது. ஆளுநர் என்பது இக்காலத்துக் கவர்னரைக் குறிக்கும் சொல்லாக உறுதிப்பட்டுவிட்டது. சிறுவன் அக்பருக்காக ஆண்ட பைராம்கானைப் பகர ஆளுநர் எனின், கவர்னர் விடுப்பிற் சென்றபோது அவர் இடத்தில் கையெழுத்திட்டவர் என்றே மாணவன் உணர்வான். பேரரசுக்குப் பதிலாக நின்றவரை ஆளுநருக்குப் பதிலாக நிறுத்துவது நீதியாகுமோ?

'காப்பாட்சியர்' என்னும் ஆக்கம் இதனினும் சிறந்தது. இளஞ்சிறுவனையும் அவன் அரசையும் காத்தல் என்னும் கருத்து அதிலுள்ளது. எனினும் காத்தலும் ஆளுதலும் ஒருவரிடமே அமையும் என்பது அதன் உட்கிடை. வரலாறு அவ்வாறு கூறவில்லை. தஞ்சை மன்னர் துளசா 1787இல் இறக்குமுன் சரபோசியைத் தத்தெடுத்து, அவரைக் காக்கும் பொறுப்பை ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸிடம் ஒப்படைத்தார். ஆட்சியோ துளசாவின் தம்பி அமர்சிங் கைக்குச் சென்றது. இளையவருக்காக ஆளத் தொடங்கிய அவர் விரைவில் தாமே மன்னரானார். காப்பாளர் ஒருவர், ஆட்சியாளர் மற்றொருவர். அன்றியும், அவ்வாட்சியாளரிடமிருந்து அச்சிறுவரைக் காப்பதே காப்பாளரின் பணியாயிற்று. சரபோசி 1798இல்தான் அரசேறினார். அமர்சிங்கைக் 'காப்பாட்சியர்' என்று எழுதக் கை கூசுகின்றது.

மங்கம்மாளைப் பற்றியும் ஒரு சொல். அவர் மைந்தர் அரங்ககிருட்டிண முத்துவீரப்பர் 1689இல் இறந்தார். அதன்பின் பிறந்த பேரன் விசயரங்க சொக்கநாதருக்காக 1706 வரை அவர் ஆண்டார். மக்கள் அவரை இராணி என்றே வழங்கினர், இன்றும் அவர் பெயராற் சாலையும் சத்திரமும் சுட்டப்பெறுகின்றன. மக்கள் வழக்கு இவ்வேறுபாட்டை மதிக்கவில்லை எனலாம். யாம் அவ்வாறு கருதவில்லை. 'ஆள்பவர்' என்பதே ரீஜெண்டின் நேர்ப்பொருள் என மேலே கண்டோம்; ஆண்டவரை இராணி என்ற மக்கள், பிரதிநிதி என்ற புலவரினும் அச்சொல்லின் உள்ளத்தை நன்கு உணர்ந்தவர் ஆவர். நாஞ்சில்நாட்டுத் தமிழர் 1924 முதல் 1931 வரை திருவிதாங்கூரை மருமகனுக்காக ஆண்ட சேதுலட்சுமிபாயியை ஆங்கிலச் சொல்லும் இராணிப் பட்டமும் கலந்து 'ரீஜெண்ட் மகாராணி' என வழங்கினர். அதுவும் தக்கதே.

கொங்குநாட்டுக்கு அண்மையிலிருந்த மைசூரின் நிலை இவ்விரண்டு வகையினும் சேராதது. ஆங்கு 18ஆம் நூற்றாண்டில் உடையார் மன்னர் அரியணையிலேயே இருந்தார், அகவையும் நிரம்பியிருந்தது, ஆட்சி மட்டும் அவரிடம் இல்லை. தளவாய் தேவராசையா, சருவாதிகாரி நஞ்சராசையா என்னும் உடன்பிறந்தார் இருவரும், அவர்க்குப்பின் 1761 முதல் ஐதர் அலியும் ஆண்டனர். சருவாதிகாரி என்பது அந்நாளில் ஒரு பதவிப் பெயர். இன்று நாம் கொள்ளும் கொடுங்கோலன் என்னும் பொருள் அதற்கு அன்று இல்லை. கோவையும் சேலமும் அவ்வாட்சியின் கீழ் இருந்தவை. ஐதரை வைசிராய் என்றோ ரீஜெண்ட் என்றோ எழுதுவார் அரியர். அவர்பால் நாம் காட்டும் எச்சரிக்கையைப் பழைய கொங்கு வேந்தர்பாற் காட்டாமை ஏன் என்பதே எம் வினா.

இனி வைசிராய் என்னும் சொல்லுக்கு வருவாம். போர்த்துகேசியர் 1505இல் பிரான்சிஸ்கோ டி அல்மேதாவை இந்தியாவுக்கு வைசிராயாக அனுப்பினர். ஆங்கிலரிடம் அப்பெயர் 1858ஆம் ஆண்டு விக்டோரியா அரசியாரின் பேரறிக்கையோடு வந்தது. கானிங் பிரபு முதல் வைசிராயும் கவர்னர் ஜெனரலும் எனக் குறிக்கப்பெற்றார். ஆயினும் இங்கிலாந்துப் பாராளுமன்றச் சட்டங்கள் கவர்னர் ஜெனரல் என்னும் பெயரையே ஆண்டன. வைசிராய் என்பது சட்டத்திற் பிறவாத சிறப்புப் பெயராகவே 1947 வரை வாழ்ந்தது. விடுதலைக்குப்பின் அப்பெயர் மறைந்தது. சேலத்து வழக்கறிஞராய் இருந்த இராசகோபாலாச்சாரியார் 1948 சூன் முதல் 1950 சனவரி 26 வரை வகித்தது கவர்னர் ஜெனரல் பதவி. அவர் வைசிராய் அல்லர். 1947 நவம்பரில் மவுண்ட்பேட்டன் இலண்டனுக்கு அரச குடும்பத் திருமணத்துக்குச் சென்றிருந்த நாட்களில் இவரே அவர் இடத்தில் இருந்து பணியாற்றினார். பதிலாளுக்குப் பதிலாள் என இதனைச் சொல்லலாம். வைசிராய் எனும் பெயரின் வரலாறு இத்துணைக் குறுகியதும் குறிப்பிட்டதுமாகும். அதனைச் சோழர் காலத்துக்கு ஏற்றும்போது நாம் எதை ஏற்றுகின்றோம் என்பதை அறிந்து ஏற்றுதல் வேண்டும்.

சோழர் வரலாற்றைப் பெருநூலாக ஆக்கிய நீலகண்ட சாஸ்திரியார், மதுரையில் ஆண்ட சோழ பாண்டியரை ஆங்கிலத்தில் வைசிராய் என்றே குறித்தார். அவர்தம் புலமை நம் வணக்கத்துக்குரியது, அச்சொல்லாட்சியோ நம் ஐயத்துக்குரியது. இராசேந்திர சோழன் மதுரையில் மாளிகை எடுப்பித்துத் தன் மைந்தனைச் சோழ பாண்டியன் என்னும் பெயரோடு ஆங்கு அமர்த்தினான் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகின்றது. அமர்த்தப்பெற்றவன் என்ற அளவில் வைசிராய் என்பது பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் அவன் சடாவர்மன் என்னும் பாண்டியர் பட்டப்பெயரைத் தாங்கினான். மன்னார்கோயில் முதலிய தென்பாண்டி ஊர்களில் அவன் கல்வெட்டுகள் தந்தையின் ஆட்சியாண்டால் அன்றித் தன் ஆட்சியாண்டாலேயே காலங் கணிக்கின்றன. கர்சன் பிரபு தமக்கென ஓர் ஆட்சியாண்டு வைத்து, அதனை ஆவணங்களிற் பொறித்து, தமக்கு ஒரு முகலாயப் பட்டப்பெயரும் சூட்டிக்கொண்டிருப்பின் இலண்டனில் என்ன நிகழ்ந்திருக்கும்! ஐரோப்பிய வைசிராய் எதனைச் செய்தல் கூடாதோ அதனையே சோழ பாண்டியன் முறைமையாகச் செய்தான். பதவி கொடுத்த தந்தையும் அதனைக் குற்றமாகக் கொள்ளவில்லை.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. பல்லவ இளவரசன் விட்டுணுகோபன் தன் பெயரால் வழங்கிய உருவப்பள்ளிச் செப்பேட்டில் தன்னை யுவமகாராசன் என்றே கூறிக்கொண்டு, காலத்தைச் சிம்மவர்மனது பதினோராம் ஆட்சியாண்டாற் குறிக்கின்றான். கொடை இவனுடையது, ஆண்டு அவனுடையது. பிறனொருவன் ஆட்சிக்குள் நின்று ஆள்பவன் இவ்வாறுதான் எழுதுவான். ஆதலின் எவனது ஆண்டு என்னும் வினாவே ஈண்டு உரைகல்லாகத் தக்கது என்பது எம் கருத்து. சோழ பாண்டியன்போல் அமர்த்தப்பெற்றும் தன் ஆண்டே எழுதுவோர் இருத்தலின், இவ்வுரைகல் ஒன்றே எல்லாவற்றையும் முடித்துவிடாது. அமர்த்திய செய்தி வேறு சான்றால் தெரியவரின் அதனையும் சேர்த்தே எடைபோடல் வேண்டும். வேங்கிநாட்டில் அத்தகைய செய்தி செப்பேடுகளிலேயே உண்டு. முதற் குலோத்துங்கன் தன் மைந்தன் மும்முடிச் சோழனை அந்நாட்டை ஆள அனுப்பினான். தாய்தந்தையரின் அடிகளைத் தொழும் இன்பத்துக்கு அரசாளும் இன்பம் ஈடாகாது என்று அவன் ஓராண்டிலேயே திரும்பிவிட்டான். அவன் தம்பி வீரசோழன் அவ்விடத்துக்குச் சென்றான். அனுப்புதல், மீளுதல், மாற்றுதல் என்னும் மூன்றும் நிகழ்ந்த அவ்விடத்தில் வைசிராய் என்னும் சொல் ஓரளவு இசைகின்றது.

கொங்குநாட்டில் நிலைமை யாது? முதலாம் ஆதித்த சோழன் கொங்குநாட்டுக்கு வந்து, தழைக்காட்டைக் கைக்கொண்டு, தன் நாட்டோடு இதனையும் சேர்த்து ஆண்டான் என்று 'கொங்குதேச ராசாக்கள்' என்னும் ஏடு கூறுகின்றது. கொங்கிற் கொணர்ந்த பொன்னால் ஆதித்தன் தில்லை அம்பலம் வேய்ந்தான் என்னும் செய்தியை நம்பியாண்டார் நம்பி தருகின்றார். எனவே 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழர் கொங்கை வென்றனர் என்பதில் ஐயமில்லை. அதன்பின் சோழப் பெயர் தாங்கிய வேந்தர் கொங்கில் வாழையடி வாழையாக ஆண்டமை கல்வெட்டுகளால் தெரிகின்றது. இவர்களைப் பேரரசுச் சோழர் அனுப்பிய பிரதிநிதிகளின் வழியினர் எனக் கொள்வாரும் உளர், தனி மரபினர் எனக் கொள்வாரும் உளர். பெயர் ஒற்றுமை முன்னவர்க்குத் துணை. ஆயினும் பெயர் ஒற்றுமை வென்றவரின் பெயரை வெல்லப்பட்டோர் சூடிக்கொண்டதனாலும் நேரலாம். மன்னார்கோயிலில் விண்ணகரம் எடுத்த சேரன் இராசசிம்மன் அதற்கு இராசேந்திர சோழ விண்ணகரம் என்று பெயரிட்டான்; அதனால் அவன் சோழன் ஆகிவிடவில்லை.

பேரூரிலும் அவினாசியிலும் கொங்குச் சோழர் கல்வெட்டுகளைக் காண்போர், அவை கொங்கு வேந்தன் பெயரையும் அவனுடைய ஆட்சியாண்டையும் கொண்டே தொடங்குதலை அறிவர். வீரராசேந்திரனது ஆட்சி 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தது. அக்காலத்துத் தஞ்சைச் சோழர் நிலை எத்தகையது? மூன்றாம் இராசராசனைக் கோப்பெருஞ்சிங்கன் சிறைப்பிடித்து வைத்திருந்தான். ஒய்சளர் வந்து மீட்டனர். தன்னையே காத்துக்கொள்ள இயலாத வேந்தன் கொங்குக்குப் பிரதிநிதியை அனுப்பி ஆண்டான் என்பதை எவ்வாறு நம்புவது? முற்காலத்தில் எவரேனும் அனுப்பப்பெற்றிருக்கலாம். அவ்வாறே ஆயினும் கொள்ளுப்பேரனும் அவன் பேரனும் தலைமுறை தலைமுறையாக முடிசூடி ஆண்டபின் அதனைப் பிரதிநிதித்துவம் என்றல் யாண்டும் இல்லாத வழக்கு. அனுப்பப்பெறுதலும் மீட்கப்பெறுதலும் இல்லாத இடத்தில் வைசிராய் இல்லை. வேங்கியில் மும்முடிச் சோழன் திரும்பினான்; கொங்கில் எவரும் திரும்பவில்லை. இவர்க்குப்பின் வந்த கொங்குப் பாண்டியர் திறத்தும் இதே வினாவை எழுப்பியாதல் வேண்டும். அதனைப் பிறிதொரு கட்டுரைக்கு ஒதுக்குகின்றோம்.

சோழர்க்கு முற்பட்ட காலத்திலும் இச்சொல் நுழைந்துள்ளது. சிலப்பதிகாரத்து வெற்றிவேற் செழியனைக் 'கொற்கை வைசிராய்' என ஆங்கிலக் கட்டுரைகள் சில எழுதுகின்றன. உரைபெறு கட்டுரையோ அவன் கொற்கையில் இருந்தவன் என்பதற்குமேல் பதவிப் பெயர் ஒன்றும் தரவில்லை. இருந்தான் என்பதனை ஆளும்படி அனுப்பப்பெற்று இருந்தான் என விரித்தது உரையாசிரியர் உரிமை போலும்! அவ்வுரைபெறு கட்டுரையிலேயே அடுத்து வருபவர் கொங்கிளங்கோசர். அவர் விழா எடுத்தது தம் நாட்டினுள் என்று தெளிவாகக் கூறப்படுகின்றது. 'தம் நாடு' என்று அந்நூல் கூறிய இடத்தை நாம் பிறர் நாட்டின் கோடியாகக் காணப் பழகிவிட்டோம்.

தமிழில் இதற்குச் சொல்லே இல்லை என்று எண்ணிவிடல் வேண்டா. கரூரை அடுத்த வேலாயுதம்பாளையத்து ஆறுநாட்டார் மலையில், புகழூர்க் கல்வெட்டு எனப்படும் தமிழிப் பொறிப்பு உளது. கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என மூன்று தலைமுறையை அது கூறுகின்றது. இளங்கடுங்கோ இளங்கோ ஆயினபோது யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமண முனிவருக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்தனர் என்பது செய்தி. ஈண்டு இளங்கோ என்பது இயற்பெயர் அன்று, ஒருவன் ஒரு நாளில் எய்தும் நிலை. அந்நிலை எய்திய நாள் கல்லில் வெட்டி நினைவுகூரத்தக்க நாளாகவும் இருந்தது. கொங்குநாட்டின் நடுவிலேயே ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வழங்கிய இச்சொல்லை, இக்காலத்தார் ஆங்கிலத்தில் பட்டத்துக்குரியவன் என ஒருவாறும், துணையரசன் என மற்றொருவாறும் பெயர்க்கின்றனர். இளங்கோவாக நின்றவன் தந்தை இருக்கும்போதே ஒரு நாட்டுப் பகுதியைத் தன் ஆணையால் ஆளலாம், தன் ஆண்டும் எழுதலாம். சோழ பாண்டியன் நிலையை விளக்க இச்சொல் வைசிராயினும் நெருங்கி நிற்கின்றது. சேரர் வழக்கைச் சோழர்க்கு ஏற்றுகின்றீரே எனின், இலண்டன் வழக்கை ஏற்றுவதினும் அது குறைந்த பிழையே.

அம்மாணவர் தம் கட்டுரையைத் திருத்தி மீண்டும் கொணர்ந்தார். மவுண்ட்பேட்டனை வைசிராய் என்றே விட்டிருந்தார். அஃது ஒரு காலத்துப் பதவியின் பெயராதலின் தமிழாக்கம் வேண்டுவதில்லை என்றோம். மங்கம்மாளைப் பற்றிய இடத்தில் பெயர்ச்சொல் எதனையும் ஆளாது, பேரனுக்காகப் பதினேழு ஆண்டுகள் ஆண்டார் என வினையால் முடித்திருந்தார். 'காக' என்னும் சிறு உருபு ரீஜெண்ட் என்னும் சொல் கூறாது விட்டதனையும் கூறிவிடுகின்றது. யாம் தேடிய ஆக்கம் எதனினும் இது நன்று. வீரராசேந்திரனுக்கு நேரே 'கொங்கு வேந்தன்' என எழுதி, அருகில் பென்சிலால் ஒரு கேள்விக்குறியிட்டுப் பின் அதனை அழித்திருந்தார். அழித்த தடம் தாளில் இன்னும் தெரிந்தது. அதனை யாம் அவ்வாறே விட்டுவிட்டோம்.